கூர் இல்லாத கத்தானா என்றாலும் "ஷோபீஸ்" என்று எழுதாதீர்கள்

கேள்வி: என் மகன் டோக்கியோவில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வரும்போது ஹாலில் மாட்ட ஒரு கத்தானா வாள் வாங்கி வருவதாகச் சொல்கிறான். கூர் இல்லையாம், அலங்காரத்துக்குத்தானாம். தெரிந்த கிளியரிங் ஏஜென்ட் ஒருவர், "பில்லில் ஷோபீஸ் என்று போட்டால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். நம்பலாமா? எங்கள் சாமி அறையில் குலதெய்வத்து அரிவாள் ஒன்றும் இருக்கிறது. அதற்கும் லைசென்ஸ் வேண்டுமா?
- வாசகர், திருச்சி

பதில்: அரிவாளை முதலில் முடித்துவிடலாம். வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மட்டும் செய்த பொருளை 1959ஆம் வருட ஆயுதச் சட்டம் ஆயுதமாகவே கணக்கில் எடுப்பதில்லை. தேங்காயும் விறகும் வெட்டுகிற அரிவாள் அதில் அடங்கிவிடும். சாமிக்கென்று ஆளுயரத்துக்கு அடித்தது என்றால் வயல் வேலைக்கு என்று வாதாட முடியாதுதான். ஆனாலும் அது சாமி அறையில் இருக்கும்வரை யாரும் தேடி வரப்போவதில்லை. கொடைக்கு எடுத்துப்போகும்போது துணியில் சுற்றி, பகலில், ஊர்க்காரர்களோடு போங்கள். போதும்.

கத்தானா விஷயம் வேறு. 2016 ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில் ஐந்தாம் வகை என்று ஒன்று உண்டு. வாள், குத்துவாள், ஈட்டி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்தி எல்லாம் அதில் வரும். இவற்றை வீட்டில் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டுமா என்பது, மத்திய அரசு, ஆயுதச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்கீழ் உங்கள் பகுதிக்கு அறிவிக்கை போட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அந்த அறிவிக்கையைக் காட்டுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். கேட்டவரையே சந்தேகமாகப் பார்ப்பார்கள். மக்கள் கட்டுப்பட வேண்டிய ஒரு தாளை மக்கள் கண்ணில் படாமல் வைத்திருப்பதில் நம் நிர்வாகத்துக்கு அப்படியொரு பிரியம். தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்பதுதான் வழி.

வெளிநாட்டிலிருந்து உள்ளே கொண்டுவருவது இன்னும் சிக்கல். ஆயுதச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி ஆயுதத்தை நாட்டுக்குள் கொண்டுவரப் பொதுவாக லைசென்ஸ் வேண்டும்; வைத்திருக்கச் சட்டத்தில் தடையில்லாத ஆயுதத்தைச் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவர விலக்கு உண்டு, ஆனால் சந்தேகம் வந்தால் சுங்கத் துறை பொருளை நிறுத்திவைக்கலாம். "பக்கத்து வீட்டில் மாட்டியிருக்கிறார்களே" என்பது விமான நிலையத்தில் எடுபடாது.

சரி, கூர் இல்லையே என்பீர்கள். எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். பொம்மையாக மட்டுமே பயன்படக்கூடிய, நிஜ ஆயுதமாக மாற்ற முடியாத பொருளுக்குச் சட்டம் விலக்குத் தருகிறது. இன்று கூர் இருக்கிறதா என்பது அங்கே பேச்சே இல்லை; நாளை கூராக்க முடியுமா என்பதுதான் கேள்வி. இரும்பு வாள் எவ்வளவு மழுங்கலாக இருந்தாலும் தெருவில் வரும் சாணைக்காரர் அரை மணி நேரத்தில் கருக்கு ஏற்றிக் கொடுத்துவிடுவார். துத்தநாகம், அலுமினியம் கலந்து வார்த்த அலங்கார வாளில் அந்தக் கூர் நிற்காது. ஜப்பானில் கடைகளில் விற்கும் மாதிரி வாள்கள் பெரும்பாலும் இந்தக் கலப்பு உலோகம்தான். அங்கே நிஜ வாளுக்குப் பதிவுச் சான்று உண்டு, நாட்டைவிட்டு எடுத்துப்போகக் கலாசார முகமையின் சான்றும் வேண்டும். ஆகவே மகனை ஒரு காந்தத்தை எடுத்து அலகில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டினால் வாங்க வேண்டாம். ஒட்டாவிட்டால், என்ன உலோகம், கூராக்க இயலாதது என்று கடைக்காரரிடம் பில்லிலேயே எழுதி வாங்கட்டும், ஆங்கிலத்தில். அப்படியும் அதிகாரி தலையாட்டுவார் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். ஆனால் வாதாட உங்கள் கையில் ஏதாவது இருக்கும். ஆன்லைனில் 1045 கார்பன் ஸ்டீல் (ஒருவகை எஃகு), "போருக்குத் தயார்" என்று பெருமையடித்து விற்பார்களே, அந்தப் பக்கத்தை அதிகாரி பிரிண்ட் எடுத்து வைத்தாலே உங்கள் அலங்காரக் கதை முடிந்துவிடும்.

இப்போது அந்த ஏஜென்ட். தயவுசெய்து அவர் பேச்சைக் கேட்காதீர்கள். வாளும் அதன் உறையும் சுங்கப் பட்டியலில் 9307 என்ற தலைப்பில் தனியாக இருக்கின்றன. எக்ஸ்ரேயில் இரண்டரை அடி அலகு பளிச்சென்று தெரியும்போது தாளில் "ஷோபீஸ்" என்று இருந்தால், லைசென்ஸ் இல்லாத குற்றத்தோடு பொய் விவரம் தந்த குற்றமும் சேரும். சுங்கச் சட்டம் 111ஆம் பிரிவில் பறிமுதல், 112இல் அபராதம், ஆயுதச் சட்டத்தில் வழக்கு வந்தால் சிறை வரைக்கும் போகலாம். கையெழுத்து உங்கள் மகனுடையது. ஏஜென்ட் அன்று போனை எடுக்க மாட்டார். "பார்த்துக்கொள்கிறேன்" என்ற ஒரு வார்த்தைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, மாட்டியபின் "மேலே பேச வேண்டும்" என்று இன்னொரு தொகை கேட்பவர்களைத் தொழிலில் நிறையப் பார்த்துவிட்டேன். பார்சல் பிடிபட்டிருக்கிறது என்று போன் செய்து தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்பவனோ அசல் மோசடிக்காரன். சுங்கத் துறைக் கடிதம் என்று எதையாவது காட்டினால் அதிலுள்ள ஆவண அடையாள எண்ணைத் துறையின் இணையதளத்தில் சரிபாருங்கள். 2019 நவம்பரிலிருந்து அந்த எண் உண்டு.

மகன் என்ன செய்ய வேண்டும்? செக்-இன் பெட்டியில் வைக்கட்டும், கைப்பையில் கூடவே கூடாது. இறங்கியதும், சுங்கத்தில் அறிவிக்கப் பொருள் உள்ளவர்களுக்கான சிவப்பு வழியில் போய், "அலங்கார வாள், கலப்பு உலோகம்" என்று உள்ளதை உள்ளபடி அறிவிக்கட்டும். அனுமதி மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். உண்மையாக அறிவித்த பயணியின் பொருளை, திரும்பிப் போகும்போது கொடுப்பதற்காக நிறுத்திவைக்கச் சுங்கச் சட்டம் 80ஆம் பிரிவில் இடமிருக்கிறது. அதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். கவுன்டரில் இருப்பவர் தானாகச் சொல்லமாட்டார். ரசீது வாங்கி பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளட்டும். போகும்போது வேறு விமான நிலையம் வழியாகப் போக நேர்ந்தால், அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த இன்னொரு பயணி அதை எடுத்துப் போகலாம், அல்லது சரக்காக அனுப்பலாம்.