வாடகைப் பாக்கிக்குச் சலுகை உண்டா? முதலில் அந்த செக்கைக் கொடுக்காதீர்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் குடியிருக்கும் வாசகர் எழுதியிருக்கிறார். வாடகை மாதம் 75,000 ரூபா. நாலு மாதம் பாக்கி. முற்பணமாக ஆறு மாத வாடகை, அதாவது நாலரை இலட்சம், வீட்டுக்கார அன்ரியிடம் இருக்கிறது. வேலை போய்விட்டது, தண்ணீர் மோட்டர் பழுதாகி இரண்டு மாதமாக யாரும் திருத்தவில்லை, படியில் வைத்து மனைவியை அவமானப்படுத்திப் பேசினார்கள் என்று மூன்று பக்கம். 'வாடகை கட்ட முடியாதவர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதாமே, அது எனக்கு உதவுமா?' என்பது கடைசிப் பக்கத்தின் கடைசி வரி.

உதவாது. நீங்கள் கேள்விப்பட்டது 2021ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க கொவிட்-19 (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டமாக இருக்கும். கொவிட் காரணமாக ஒப்பந்தத்தை நிறைவேற்ற முடியாமல் போனவர்களுக்காகக் காலவரையறையோடு வந்தது அது. உங்கள் பாக்கி இந்த வருடத்தது. வங்கிக் கடனுக்குக் கொடுத்த மொறட்டோரியம் என்ற தவணை நிறுத்தம், வழக்கில்லாமலே வங்கி ஈட்டுச் சொத்தை விற்கும் பராட்டே ஏலத்தை 2024இல் நிறுத்தி வைத்தது எல்லாம் வங்கிக்கும் கடனாளிக்கும் இடையிலான விஷயம். வீட்டுக்காரர் வங்கி அல்ல. தவிர, இப்படியான சலுகைகள் பொதுவாகத் தவணையைத் தள்ளி வைக்குமே தவிர கடனை அழிக்காது.

பாக்கி வைத்த குடியிருப்பாளருக்கு உண்மையில் இரக்கம் காட்டுவது 1972ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டம். நோயினாலோ வேலை இழந்ததாலோ பாக்கி விழுந்திருந்தால், தவணையில் கட்ட விட்டு வெளியேற்றத்தை நிறுத்தி வைக்க நீதிமன்றத்துக்கு அதில் அதிகாரம் உண்டு. வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் மாநகர சபையில் கட்டலாம். உங்கள் நிலைமைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் 1980க்குப் பிறகு கட்டி வாடகைக்கு விட்ட வீடுகளை அந்தச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். உங்கள் கட்டடம் 2009இல் எழும்பியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மோட்டரையும் படியில் நடந்த பேச்சையும் விடுங்கள். நான் பார்ப்பது உங்கள் ஒப்பந்தத்தை மட்டும். 'இரண்டு வருட அக்ரிமென்ட், முத்திரை ஒட்டி சமாதான நீதவான் முன் கையெழுத்து' என்கிறீர்கள். உறுதி எழுதும் நொத்தாரிசு இல்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுதாவிட்டால் செல்லாது என்பது 1840ஆம் ஆண்டிலிருந்து இங்கே சட்டம். ஆகவே உங்களுடையது மாத வாடகைதான். உங்களை வெளியேறச் சொல்ல ஒரு முழு மாத அறிவித்தல் போதும், இரண்டு வருடக் கதை எடுபடாது. உங்களுக்கும் இதில் ஒரு லாபம் இருக்கிறது. நொத்தாரிசுக் குத்தகையென்றால், குத்தகைக்கு விட்ட இடத்தை மீட்பதற்கான 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தில் வீட்டுக்காரர் சுருக்க முறையில் வழக்குப் போடலாம், அதில் நீதிமன்ற அனுமதி இல்லாமல் நீங்கள் எதிர்வாதமே செய்ய முடியாது. உங்கள் விஷயத்தில் அன்ரி சாதாரண வழக்குத்தான் போட வேண்டும், அது இழுபடும்.

இழுபடட்டும், அதுவரை இருப்போம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அறிவித்தல் முடிந்த பிறகு தங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் நட்டஈடு கேட்பார்கள், அதுவும் பழைய வாடகைக் கணக்கில் அல்ல.

இனி எனக்கு உண்மையில் பயம் தந்த விஷயம். கடிதத்தோடு ஒரு படம் அனுப்பியிருக்கிறீர்கள். அன்ரியின் மருமகன் தட்டச்சு செய்து கொண்டுவந்த ஆங்கிலக் கடிதம். உங்களுக்கு அதை யாரும் வாசித்துக் காட்டவில்லைப் போலிருக்கிறது. மூன்றாவது வரியில் பாக்கியோடு 'வீட்டுக்கு ஏற்பட்ட சேதமும்' நீங்கள் ஒப்புக்கொண்டதாக இருக்கிறது, தொகை போடும் இடம் வெறுமை. அதோடு ஒரு இலட்சப்படி மூன்று செக், 'சும்மா ஒரு உறுதிக்கு, வங்கியில் போடமாட்டோம்' என்று வாய்ப்பேச்சு.

கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருந்த ஒருவர் இப்படித்தான் இரண்டு செக் கொடுத்தார். மாதம் பிறந்து ஐந்தாம் நாள் அவை வங்கிக்குப் போய்த் திரும்பி வந்தன. அதுவரை சாதாரண வாடகைத் தகராறு, எவரும் அவரைப் பிடிக்க முடியாது. காசில்லை என்று தெரிந்தே செக் எழுதுவது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தில் குற்றம், சிறைத்தண்டனையும் உண்டு. அடுத்த மாதம் மனிதர் புதுக்கடையில் நீதவான் முன் நின்றார். மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினார், வீட்டையும் விட்டார். உங்கள் கடிதத்தில் 'கணக்கில் இப்போது ஆயிரம் ரூபா கூட இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கையால் செக் எழுதப் போகிறீர்களா?

வாட்ஸ்அப்பிலும் 'அன்ரி, பாக்கி எல்லாம் என் பிழைதான், தந்துவிடுவேன்' என்று அனுப்பாதீர்கள். அதுவும் சான்றாக வரும்.

கணக்கைப் பாருங்கள். பாக்கி மூன்று இலட்சம், அவர்கள் கையில் உங்கள் நாலரை. வழக்காடி என்ன மிச்சம்? சமாதானமாகப் போய்விடுங்கள். ஆனால் முற்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று நீங்களாகச் சொல்லி வாடகையை நிறுத்திக்கொண்டிருப்பது சமாதானம் ஆகாது. முற்பணம் வீட்டை ஒப்படைக்கும்போது திரும்ப வர வேண்டிய காசு. அதுவரை உங்கள் பாக்கி பாக்கிதான். வெளியேறும் திகதி, பாக்கி கழிந்தது, மீதி திரும்பும் நாள், சேதத்துக்கு வேறு கோரிக்கை இல்லை என்பது, இவ்வளவும் உங்களுக்குப் புரியும் மொழியில் ஒரே தாளில் இருக்கட்டும், இருவரும் கையெழுத்திடுங்கள். தங்கும் ஒவ்வொரு மாதமும் மீதியில் 75,000 குறையும், ஆகவே திகதியைத் தள்ளாதீர்கள். மீதிக் காசு கைக்கு வரும் அதே நேரத்தில் சாவியைக் கொடுங்கள், அதற்கு முந்தின நாள் அல்ல.

அதற்கிடையில் பூட்டை மாற்றினாலோ ஆட்களை அனுப்பி வெளியே தள்ளினாலோ அன்றே பொலிசில் முறைப்பாடு போடுங்கள். முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் வீட்டின் உடைமையைத் திரும்பக் கேட்க, வெளியேற்றிய நாளிலிருந்து இரண்டு மாதம்தான் இருக்கிறது. வெளியேறும் அன்று மின்சார, தண்ணீர் மீற்றர்களைத் திகதியோடு படம் எடுத்து வையுங்கள். பழுதான மோட்டரையும் அப்போதே படம் எடுத்துக்கொள்ளலாம்.