பழைய இன்ஜின் டயபரை வாங்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். என் 1989 மஸ்டாங் (வி8, ஆட்டோமேட்டிக்) இப்போது கால் மைலை 10.7 வினாடியில் ஓடுகிறது. ரேஸ் டிராக்கில் பழக்கமான ஒருவர், எஸ்.எஃப்.ஐ. (ரேஸ் பாதுகாப்புக் கருவிகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பு) லேபிளுள்ள பழைய இன்ஜின் டயபரை, அதாவது இன்ஜினின் அடியில் சுற்றிக் கட்டும் பாதுகாப்புத் துணி உறையை, பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? கனெக்டிங் ராட் (பிஸ்டனை கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் தண்டு) உடைந்தால் தாங்குமா?

பதில்: வாங்காதீர்கள்.

அந்த லேபிளில் மாதமும் வருடமும் துளையிட்டிருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தயாரித்த கம்பெனியே சோதித்துப் புது லேபிள் போட வேண்டும். விற்பவர் அனுப்பும் போட்டோவில் லோகோ பளிச்சென்று தெரியும், தேதி மட்டும் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும்! நேரில் பார்த்தால் முதலில் தையலைப் பாருங்கள். லேபிளைச் சுற்றி நூலின் நிறம் மாறியிருந்தால் அது வேறொன்றிலிருந்து பிரித்து ஒட்டவைத்தது. ஸ்டார்ட்டருக்கு இடம்விட யாராவது கத்தரித்திருந்தாலும் வேண்டாம். ராட் துண்டு வந்து மோதினால் வெட்டிய இடத்திலிருந்துதான் கிழியும். ஹெடர் (புகை வெளியேறும்) குழாய் பட்ட இடம் விறைத்துப் பளபளவென்றிருந்தால் துணி உருகிவிட்டது என்று அர்த்தம்.

டிராக்கில் காரைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் இதையெல்லாம் பார்க்க மாட்டாரா என்று கேட்பீர்கள். தேதியைப் பார்ப்பார், அவ்வளவுதான். எஸ்.எஃப்.ஐ. ஒவ்வொரு டயபரையும் கையில் எடுத்துப் பார்த்து முத்திரை குத்துவதில்லை. தரத்துக்குத் தயாரித்தோம் என்று சான்று சொல்வது கம்பெனிதான். மறுசோதனைக்கோ சீசன் நடுவில் கழற்றி, பார்சல் கட்டி, காத்திருக்க வேண்டும். பிறகு காலாவதியான சரக்கு கைமாறாமல் என்ன செய்யும்?

சரி, தாங்குமா? ராட் உடைந்தால் இன்ஜினின் உடலான பிளாக்கின் பக்கவாட்டையோ, அடியிலுள்ள ஆயில் பேனையோ துளைத்துக்கொண்டு வரும். துண்டுகளின் வேகத்தைக் குறைத்து, கொட்டும் ஆயிலைப் பிடித்துவைப்பதுதான் டயபரின் வேலை. பிடிக்காவிட்டால் அந்த ஆயில் உங்கள் பின் டயர்களுக்கு முன்னால்தான் விழும். ஹெடரில் பட்டால் தீப்பிடிக்கும். அதனால் துணி பிளாக்கின் இருபுறமும் மேலேறி, பட்டைகள் இறுக்கமாக இருக்க வேண்டும். உள்ளே ஆயில் உறிஞ்சும் விரிப்பு ஏற்கெனவே நனைந்திருந்தால் மாற்றிவிடுங்கள், அதுவே எரியும்.

டயபருக்குப் பதில் பெல்லி பேன் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். சில வகுப்புகளில் அனுமதி உண்டு, உண்மைதான். ஆனால் அது இன்ஜினில் அல்ல, சேஸியில் மாட்டும் தட்டு. கீழே விழும் ஆயிலை ஏந்தும்; பிளாக்கின் பக்கவாட்டில் பாயும் துண்டை அது என்ன செய்யும்? டிராக்ஸ்டர் என்ற நீளமான ரேஸ் காருக்கு அது பொருந்தும். மஸ்டாங்கின் அடியில் தொங்கவிட்டால் தரையில் உரசும், கழற்றாமல் ஒரு போல்ட்டைக்கூட எட்ட முடியாது. அனுமதி இருக்கிறது என்பதற்காக உங்கள் காருக்கு அதை வாங்காதீர்கள்.

இதைவிட முக்கியம், உங்கள் முதல் செலவு டயபரே அல்ல. 10.99 அல்லது அதைவிட வேகமாக ஓடினால் என்.எச்.ஆர்.ஏ. (இந்த ரேஸ்களை நடத்தும் அமெரிக்க அமைப்பு) விதிப்படி எஸ்.எஃப்.ஐ. 4.1 தரத்தில் டிரான்ஸ்மிஷன் ஷீல்டும் (டிரான்ஸ்மிஷனை மூடும் கவசம்) 18.1 தரத்தில் டேம்பரும் (கிராங்க்ஷாஃப்டின் அதிர்வைக் குறைப்பது) கட்டாயம். டயபர் இன்ஜினோடு முடிந்துவிடும்; அதற்குப் பின்னால் சுழலும் டிரான்ஸ்மிஷன் வெடித்தால் அது தடுக்காது. 1970இல் கலிஃபோர்னியாவின் லயன்ஸ் டிராக்கில் டிராக்ஸ்டர் ஓட்டுநர் டான் கார்லிட்ஸ் வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தது டிரான்ஸ்மிஷன் வெடித்ததால்தான். அதன் பிறகே இன்ஜினை முதுகுக்குப் பின்னால் வைத்து கார் கட்டி, 1971இல் அதில் ரேஸ்களை ஜெயித்தார். உங்கள் மஸ்டாங்கில் டிரான்ஸ்மிஷன் இன்னும் உங்கள் காலடிப் பக்கம்தான் இருக்கிறது.

ஷீல்டையும் டேம்பரையும் வாங்கிய பிறகு புது டயபருக்கு ஆர்டர் கொடுங்கள். பிளாக் எது, ஆயில் பேன் எவ்வளவு ஆழம், ஸ்டார்ட்டர் எந்தப் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் வெட்டும் வேலையே வராது.