ஜிபிஐஓ பின் எண்ணைச் சோதிப்பது எப்படி? லினக்ஸ் கெர்னல் டிரைவர் கேள்வி பதில்

கேள்வி: ஒரு ஜிபிஐஓ பின்னின் (புரோகிராம் இயக்கும் சிப்பின் பொதுப்பயன் காலின்) எண்ணைக் கொடுத்தால், லினக்ஸில் ஜிபிஐஓ_இஸ்_வேலிட் "சரி" என்கிறது. அடுத்த வரியிலேயே, அந்தப் பின்னைக் கேட்டு வாங்கும் ஜிபிஐஓ_ரிக்வெஸ்ட் தோற்றுப்போகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையுமே நம்பலாம். ஜிபிஐஓ_இஸ்_வேலிட் என்ற பெயரைப் பார்த்தால் பின்னையே சோதிப்பதுபோலத் தோன்றும். உள்ளே போய்ப் பாருங்கள், ஒரே ஒரு ஒப்பீடுதான்: எண் 0 அல்லது அதற்கு மேலா? முன்பு மேல் வரம்பு ஒன்றும் இருந்தது, வழக்கமாக 512. இப்போது அதுவும் இல்லை. அந்த எண்ணில் பின் உண்டா, அதை வேறு டிரைவர் பிடித்து வைத்திருக்கிறதா என்பதெல்லாம் ரிக்வெஸ்டுக்குத்தான் தெரியும். அது திருப்பித் தரும் மதிப்பைப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகவே கூடாது.

கேள்வி: அக்கா, நான் மாணவன். என் டிரைவரின் ப்ரோப் (டிவைஸைத் தயார்செய்யும் ஃபங்ஷன்) முடிவதே இல்லை, கெர்னல் லாகில் ஒரு எரர்கூட இல்லை. ரீசெட் பின் எண்ணை டிவைஸ் ட்ரீயிலிருந்து (போர்டின் ஹார்டுவேரை விவரிக்கும் தரவு) எடுத்து ஸ்ட்ரக்டில் யு8 (மைனஸ் இல்லாத 8 பிட் எண்) ஆக வைத்திருக்கிறேன். வேலிட் செக்கும் போட்டிருக்கிறேன்.

பதில்: தம்பி, அந்த யு8-ஐத்தான் முதலில் மாற்ற வேண்டும். டிவைஸ் ட்ரீயிலிருந்து எண்ணை எடுக்கும் ஆஃப்_கெட்_நேம்ட்_ஜிபிஐஓ தோற்றால் மைனஸ் எண் தரும். டிவைஸ் ட்ரீயில் "ரீசெட்-ஜிபிஐஓஸ்" என்று இருந்து, நீங்கள் "ரீசெட்-ஜிபிஐஓ" என்று கேட்டிருந்தால் கிடைப்பது -2. அதை 8 பிட்டுக்குள் திணித்தால் 254. மைனஸ் போய்விட்டது, செக்கும் தாண்டிவிட்டது. ரிக்வெஸ்டிடம் போனால் 254-இல் பின் எதுவும் இல்லை. ஆனால் பழைய டிரைவர்களுக்காக அது "இந்தப் பின் பிறகு வரக்கூடும்" என்று எடுத்துக்கொண்டு -517, அதாவது ஈப்ரோப்_டிஃபர் ("பிறகு முயல்") தருகிறது. கெர்னலும் உங்கள் டிரைவரைக் காத்திருக்க வைக்கிறது. வராத பின்னுக்காக அது காத்துக்கொண்டே இருக்கும். டீபக்எஃப்எஸ்ஸில் (கெர்னல் பிழைதேடலுக்கான ஃபைல்கள் உள்ள இடம்) டிவைசஸ்_டிஃபர்ட் என்ற ஃபைலைத் திறந்தால் உங்கள் டிவைஸ் பெயர் அங்கே இருக்கும்.

இதே பிழையில் நான் இரண்டு நாள் இழந்திருக்கிறேன். ஆசிலோஸ்கோப்பை ரீசெட் பின்னில் வைத்துப் பார்த்தால் கோடு அசையவே இல்லை. சாலிடரிங்கைச் சந்தேகப்பட்டேன், சிப்பைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் வேரியபிளின் டைப்!

யு8-ஐ அன்சைன்ட் இன்ட் ஆக்கினாலும் போதாது. "0-ஐவிடக் குறைவா" என்ற கேள்விக்கு அதில் ஒருநாளும் "ஆம்" வராது. சாதாரண இன்ட் வையுங்கள். அதைவிட நல்லது, எண்ணையே விட்டுவிட்டு டெவ்எம்_ஜிபிஐஓடி_கெட் வைத்து "ரீசெட்" என்று பெயர் சொல்லிக் கேட்பது. அது "-ஜிபிஐஓஸ்", "-ஜிபிஐஓ" என்ற இரண்டு விகுதிகளையும் தானே தேடிப் பார்க்கும். பின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்றால் அதன் ஆப்ஷனல் வகை: 'நல்' (வெற்று பாயிண்டர்) வந்தால் பின் இல்லை, எரர் வந்தால் உண்மையிலேயே கோளாறு. எரரையும் 'நல்'-ஐயும் ஒன்றாகச் சேர்த்து விழுங்கிவிடாதீர்கள்.

கேள்வி: "இஃப் (ஜிபிஐஓ)" என்று மட்டும் எழுதினால் போதாதா?

பதில்: போதாது. 0 முறையான பின் எண். குழப்பம் வரக் காரணம், ஐஆர்க்யூ (இன்டரப்ட்) எண்ணில் 0 செல்லாது. ப்ளாட்ஃபார்ம் டேட்டாவில் (போர்டு கோடு டிரைவருக்குத் தரும் ஸ்ட்ரக்டில்) பின் இல்லை என்றால் -1 போடுங்கள், நிரப்பாமல் விட்டால் அது 0-வாக நின்று வேறு யாருடைய பின்னையோ பிடித்துவிடும்.

கேள்வி: ராஸ்பெர்ரி பையில் சிஸ்எஃப்எஸ் (கெர்னல் விவரங்களை ஃபைல்களாகக் காட்டும் இடம்) வழியாக 17 என்று எழுதிவந்தேன். கெர்னல் 6.6-க்கு மாறியதும் அது செல்லாது என்கிறது.

பதில்: பின்களை இயக்கும் கன்ட்ரோலரின் தொடக்க எண் 512 ஆகிவிட்டது, உங்கள் 17 இப்போது 529. அதே பின் 40 பின் ஹெடரில் 11-ஆவது இடத்தில் இருக்கிறது. ஒரே கம்பிக்கு மூன்று எண்கள்! 529 என்று கோடில் பதித்துவிடாதீர்கள், நாளை அதுவும் மாறலாம். ஜிபிஐஓ கேரக்டர் டிவைஸுக்கு (ஒவ்வொரு சிப்புக்கும் தனி டிவைஸ் ஃபைல்) மாறுங்கள், அங்கே சிப்புக்குள் 17 எப்போதும் 17தான்.

கேள்வி: நான் எழுதுவது கன்ட்ரோலர் டிரைவர். "ஆஃப்செட் (சிப்புக்குள் பின்னின் எண்) > என்ஜிபிஐஓ (மொத்தப் பின்கள்) என்றால் எரர்" என்று எல்லா ஃபங்ஷனிலும் போடட்டுமா?

பதில்: முதலில் அது ">=" ஆக வேண்டும். 32 பின் என்றால் 0 முதல் 31 வரைதான். 32 உள்ளே நுழைந்தால் 32 பிட் மெஷினில் பிட் ஷிஃப்டே வரையறையற்ற செயல். இரண்டாவது, கெட், செட் ஃபங்ஷன்களுக்கு வருமுன்பே ஜிபிஐஓலிப் (கெர்னலின் பொது ஜிபிஐஓ பகுதி) எல்லையைச் சரிபார்த்துவிடும், அங்கே மறுபடி வேண்டாம். நீங்களே ஐஆக்டலோ (யூசர் புரோகிராம் டிரைவரை அழைக்கும் வழி) சிஸ்எஃப்எஸ் ஃபைலோ திறந்து யூசரிடம் எண் வாங்கினால், அந்த வாசலில் கண்டிப்பாகச் சோதியுங்கள். அந்த எண்ணை வைத்து அர்ரேயைத் தொடுவதாக இருந்தால் அர்ரே_இண்டெக்ஸ்_நோஸ்பெக்கும் சேருங்கள். 2018-இல் ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் பாதுகாப்புக் குறை வெளிவந்த பிறகு வெறும் இஃப் போதாது என்பது தெரிந்துவிட்டது, ப்ராசஸர் அதை ஊகத்தில் தாண்டி ஓடிவிடும்.

கேள்வி: எல்லா எண்ணும் எல்லைக்குள்தான். ஆனாலும் எல்லாப் பின்களையும் வரிசையாகப் படித்தால் போர்டு ரீபூட் ஆகிறது.

பதில்: சில சிப்களில் குறிப்பிட்ட பின்கள் செக்யூர் ஃபர்ம்வேருக்கு உரியவை, லினக்ஸ் தொட்டாலே விழுந்துவிடும். டிவைஸ் ட்ரீயில் ஜிபிஐஓ-ரிசர்வ்ட்-ரேஞ்சஸ் பாருங்கள். <4 3> என்று எழுதினால் 4, 5, 6 மூன்றையும் ஜிபிஐஓலிப் யாருக்கும் கொடுக்காது. எந்தப் பின்கள் என்பது போர்டு செய்தவரின் ஆவணத்தில்தான் இருக்கும், ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள்.