மூச்சை அடக்க வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 39. ஜனவரி இரண்டாம் வாரத்தில் கணவர், 14 வயது மகளுடன் ஆறு நாள் பயணமாக அந்தமான் போகிறோம். ஞாயிறு காலை சென்னையிலிருந்து விமானம், வெள்ளி நண்பகல் திரும்ப வேண்டும். முதல் இரண்டு நாள் போர்ட் பிளேரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிறகு ஹேவ்லாக் தீவில் தங்கி ஸ்கூபா (சிலிண்டர் காற்றோடு நீருக்கடியில் நீந்துவது) பயிற்சி எடுக்க வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள். நான் கிணற்றில் நீந்தப் பழகியவள். ஆனால் இருபது ஆண்டுகளாக நீரில் இறங்கியதில்லை. குளிர்காலத்தில் சைனஸ் தொல்லை உண்டு. மூக்கையும் சேர்த்து மூடும் அந்த மாஸ்க்கை நினைத்தாலே மூச்சு முட்டுகிறது. கணவருக்குச் சிறுவயதில் வீசிங் இருந்தது. இப்போது இல்லை, அதையெல்லாம் படிவத்தில் எழுதத் தேவையில்லை என்கிறார். ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டு வந்தால் போதுமா, சான்றிதழ் தரும் முழுப் பயிற்சியே எடுக்கலாமா?
— வாசகி, மதுரை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்களும் மகளும் முழுப் பயிற்சியே எடுக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் அதற்கு உங்கள் பயணத் திட்டத்தைத் தலைகீழாக மாற்ற வேண்டும், மதுரையிலேயே முடிக்க வேண்டிய சில வேலைகளும் உண்டு. உங்கள் கணவரைப் பற்றி நான் முடிவு சொல்ல இயலாது. அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் எழுதுகிறேன்.

ஒருமுறை இறங்கிப் பார்க்கும் டைவ், பயிற்சி ஆகாது. அதில் நீந்தத் தெரியாதவரையும் அழைத்துப் போவார்கள். கரையோரம் அரை மணி நேரம் மூச்சுவிடப் பழக்கிவிட்டு, ஹேவ்லாக்கின் நீமோ ரீஃப் போன்ற ஆழம் குறைந்த இடத்தில், பயிற்றுநர் பின்னாலிருந்து உங்கள் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு, குழந்தையை நடைவண்டியில் வைத்துத் தள்ளுவதுபோலக் கூட்டிச் செல்வார். ஆழம் 12 மீட்டரைத் தாண்டக்கூடாது. புகைப்படம் எடுத்துத் தருவார்கள். அதில் குறையொன்றும் இல்லை. நேரமோ துணிவோ குறைவாக இருப்பவர்களுக்கு அதுவே பொருத்தம். ஆனால் உங்களைப் போல ‘மூச்சு முட்டுமோ’ என்று அஞ்சுகிறவர்களுக்கு அது ஏற்றதன்று என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அச்சம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுகொள்ளவே அந்த அரை மணி நேரம் போதாது. முழுப் பயிற்சியில் மாஸ்க்குக்குள் நீர் புகுந்தால் என்ன செய்வது, வாயிலிருந்து ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) நழுவினால் எப்படித் திரும்ப எடுப்பது, காற்று தீர்ந்துபோனால் துணைவரிடமிருந்து எப்படி வாங்குவது என்று நீங்கள் பயப்படும் ஒவ்வொன்றையும், கால் ஊன்றி எழுந்து நிற்கக்கூடிய ஆழத்தில், கைவசப்படும்வரை செய்துபார்க்க வைப்பார்கள். அதன் பிறகு, குறைந்தது இரண்டு நாட்களில் பரவலாக, கடலில் நான்கு டைவ். டைவ் பயிற்சிக்குச் சான்றிதழ் தரும் பி.ஏ.டி.ஐ. அமைப்பின் ‘ஓப்பன் வாட்டர் டைவர்’ சான்றிதழ் 18 மீட்டர் ஆழம்வரை செல்ல அனுமதிக்கிறது. அதுபோன்ற இன்னோர் அமைப்பான எஸ்.எஸ்.ஐ.யின் சான்றிதழும் ஏறத்தாழ இதே முறையில்தான் வழங்கப்படுகிறது. பத்து வயதிலிருந்தே சேரலாம் என்பதால் உங்கள் மகளுக்குத் தடையில்லை, பதினைந்து வயதுக்கு உட்பட்டவள் என்பதால் ‘ஜூனியர்’ என்று குறிப்பிட்டுத் தருவார்கள்.

எல்லாப் பயிற்றுநர்களும் முதல் நாள் சொல்லும் முதல் விதி, மூச்சை அடக்கக்கூடாது என்பது. மூச்சடக்கி முத்தெடுப்பது என்று சொல்லியே வளர்ந்த நமக்கு இது விந்தையாக இருக்கும். தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்கள் மேலே இருக்கும் காற்றை மார்பில் நிரப்பிக்கொண்டு இறங்கினார்கள். ஆழத்தில் அந்தக் காற்று சுருங்கியது, மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்பியது. ஸ்கூபாவில் நடப்பது வேறு. நீங்கள் எந்த ஆழத்தில் இருக்கிறீர்களோ அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே ரெகுலேட்டர் உங்களுக்குக் காற்றைத் தருகிறது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல இரு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், நீர்மட்டத்தை எட்டும்போது அது இரு மடங்காக விரிய முயலும், நுரையீரலோ அவ்வளவு விரியாது. ஆகவே நிதானமாக மூச்சை இழுத்து, நிதானமாக விட்டுக்கொண்டே இருப்பதுதான் இந்தக் கலையின் பாதி. உங்கள் பதற்றத்துக்கும் அதுவே மருந்து என்பதைப் போகப்போக உணர்வீர்கள்.

மாஸ்க் குறித்த அச்சத்தை வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம். விளையாட்டுப் பொருள் கடையில், முகம் நீரில் இருக்கும்போதே மேலிருந்து காற்றை இழுக்க உதவும் ஸ்நார்க்கல் குழாய் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அகலமான அன்னக்கூடையிலோ குழந்தைகளைக் குளிப்பாட்டும் டப்பிலோ நீர் நிரப்பி, மாஸ்க் அணியாமலே, மூக்கு நன்றாக மூழ்கும்படி முகத்தை வைத்துக்கொண்டு, குழாய் வழியே வாயால் மட்டும் மூச்சு விடுங்கள். முதல் நாள் பத்து விநாடிக்குள் தலையைத் தூக்கிவிடுவீர்கள். மூக்கில் நீர் பட்டாலே மூச்சை நிறுத்தச் சொல்லும் உடம்பின் பழக்கம் அது. ஒரு வாரத்தில் இரண்டு நிமிடம் இருக்க முடிந்தால், பயிற்சியில் பலரும் திணறும் கட்டத்தை நீங்கள் மதுரையிலேயே கடந்துவிட்டீர்கள் என்று பொருள். மாஸ்க்கிலிருந்து நீரை வெளியேற்றும் முறை இதைவிட எளிது: மாஸ்க்கின் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்திக்கொண்டு, முகத்தைச் சற்றே நிமிர்த்தி, மூக்கால் காற்றை விட்டால், அது மேலே தங்கி நீரைக் கீழ்விளிம்பு வழியே தள்ளிவிடும். நான் முதன்முறை செய்தபோது, விட வேண்டிய மூச்சை இழுத்துவிட்டு, மார்பளவு நீரில் எழுந்து நின்று இருமித் தீர்த்தேன். அடுத்த முறை சரியாக வந்தது. டைவ் நாட்களில் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், மாஸ்க்கின் பட்டை நழுவும்.

நீச்சல் தேர்வில் உங்கள் கிணற்று நீச்சலுக்கு மரியாதை உண்டு. 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும், அவ்வளவுதான். கால வரம்பு இல்லை. எந்த வகை நீச்சலானாலும் சரி. ஆனால் கிணற்றில் நான்கு கை போட்டால் எதிர்ச் சுவர் வந்துவிடும், எனவே தொடர்ந்து நீந்துவதற்கு உங்கள் உடம்பு பழகியிருக்காது. 25 மீட்டர் நீச்சல்குளத்தில் நிற்காமல் நான்கு முறை போய்வரும் அளவுக்கு, இப்போதிருந்தே வாரம் மூன்று நாள் செல்லுங்கள்.

மாஸ்க்கைக் காட்டிலும் நான் கவலைப்படுவது உங்கள் சைனஸ் பற்றித்தான். கொடைக்கானல் மலைப்பாதையில் பேருந்து ஏறும்போது காது அடைக்கிறதே, அதே சங்கதி கடலில் பல மடங்கு வேகமாக நடக்கிறது. அழுத்தம் மிக விரைவாக மாறுவது நீர்மட்டத்தை ஒட்டிய முதல் சில மீட்டர்களில்தான், ஆகையால் ஆழத்துக்குப் போனால்தானே வலிக்கும் என்று எண்ணிவிடாதீர்கள், இரண்டாவது மூன்றாவது மீட்டரிலேயே வலிக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மென்மையாக ஊதி, நடுச்செவிக்குள் காற்றை அனுப்ப வேண்டும். வலி வந்த பிறகு செய்வதில் பயனில்லை. தலை நீருக்குள் போவதற்கு முன்பே ஒருமுறை, பிறகு ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒருமுறை. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கால் கீழாக இறங்குவது எளிது. காது திறக்கவில்லையானால் அரை மீட்டர் மேலே வந்து மீண்டும் முயல வேண்டும், அப்போதும் திறக்காவிட்டால் அன்றைக்கு டைவ் இல்லை.

சளி பிடித்திருந்தும் நான் ஒருமுறை இறங்கினேன். பயிற்றுநர், பெயர் வேண்டாம், படகில் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள் என்று அவசரப்படுத்தினார். எனக்கும் பணம் வீணாகிறதே என்ற எண்ணம். பலமாக ஊதினேன், உள்ளே ‘சொடக்’ என்று ஏதோ கேட்டது, அதன்பின் இரண்டு வாரம் இடது காதில் அடைப்பும் இரைச்சலுமாக அலைந்தேன். நீங்கள் அந்தத் தவற்றைச் செய்யாதிருக்க, டிசம்பரிலேயே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து, டைவ் செய்யப் போவதைச் சொல்லி, ஆலோசனை பெறுங்கள். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. மருந்தின் வேகம் நீருக்கடியில் குறைந்தால், மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும், அது இறங்கும்போது வரும் வலியைவிட மோசம்.

இனி நாள் கணக்கு. டைவ் முடித்தவுடன் விமானம் ஏறக்கூடாது. அழுத்தத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். அதற்குள் விமானத்தின் குறைந்த அழுத்தத்துக்குப் போனால், கோலி சோடாவின் குண்டைத் தட்டியவுடன் பொங்குவதுபோல உடம்புக்குள் குமிழிகள் உண்டாகலாம். பல நாள் டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் தரையில் இருக்க வேண்டும் என்பது விதி, நான் ஒரு முழு நாள் என்றே வைத்துக்கொள்வேன். உங்கள் திட்டப்படி டைவ்களைக் கடைசியில் வைத்தால் இதற்கு இடமில்லாமல் போகும். ஆகையால் ஞாயிறு காலை இறங்கியதுமே படகேறி, சுமார் இரண்டு மணி நேரத்தில் ஹேவ்லாக் போய்விடுங்கள். (2018 முதல் அதன் பெயர் ஸ்வராஜ் தீவு. போர்ட் பிளேரும் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஆனால் மக்கள் வாயில் பழைய பெயர்களே புழங்குகின்றன.) திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் பயிற்சி. பாடப் பகுதியை இணையவழியில் மதுரையிலேயே படித்து முடித்துவிட்டால் இந்த மூன்று நாள் போதும். வியாழன் படகில் போர்ட் பிளேர் திரும்பி, செல்லுலார் சிறையை நிதானமாகப் பாருங்கள். படகு கடல்மட்டத்திலேயே செல்வதால் அதனால் தீங்கில்லை. கடல் சீற்றத்தால் படகு ரத்தாகும் நாட்களும் உண்டு என்பதால், விமானத்துக்கு முந்தைய இரவை போர்ட் பிளேரில் கழிப்பது வேறு வகையிலும் நல்லது. காது ஒத்துழைக்காமல் பாதியில் நிற்க நேர்ந்தாலும் பாழில்லை. முடித்த பகுதிகளைப் பதிவுசெய்து வாங்கிக்கொண்டால், பி.ஏ.டி.ஐ. முறையில் ஓராண்டுக்குள் வேறிடத்தில் தொடரலாம். டைவ் சென்டர்கள் புதுச்சேரியிலும் உள்ளன.

டைவ் சென்டரைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர் (நால்வருக்கு மேல் என்றால் நான் சேர மாட்டேன்), படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, விபத்து நேர்ந்தால், உடம்பில் உண்டான குமிழிகளைக் கரைக்கும் அழுத்த அறைச் சிகிச்சைக்கு எங்கே, எப்படிக் கொண்டுபோவார்கள், சான்றிதழ்க் கட்டணமும் உபகரண வாடகையும் சொன்ன தொகைக்குள் அடங்குமா என்று கேளுங்கள். தமிழில் சொல்லித்தருபவர் உண்டா என்றும் தயங்காமல் விசாரியுங்கள், அந்தமானில் தமிழர்கள் நிறையவே இருக்கிறார்கள். உடை பற்றிப் பல பெண்கள் கூச்சத்தோடு கேட்பதுண்டு: கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடும் வெட்சூட் கிடைக்கும். மாதவிலக்கு ஒரு தடையன்று. கருவுற்றிருந்தால் மட்டும் டைவ் கூடாது.

நீருக்கடியில் பேச்சு இல்லை, சைகைதான். நலமாக இருக்கிறேன் என்று சொல்ல ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும். நாம் ‘சூப்பர்’ என்று கட்டைவிரலை உயர்த்தினால், கடலில் அதற்கு ‘மேலே போகலாம்’ என்று அர்த்தம். மகளிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள், அழகான மீனைக் கண்ட மகிழ்ச்சியில் கட்டைவிரலைக் காட்டி, மொத்தக் குழுவையும் மேலே திருப்பிவிடப் போகிறாள். நம் தலையாட்டலும் அங்கே செல்லாது, அது ஆமாவா இல்லையா என்பது கரையிலேயே சிலருக்கு விளங்குவதில்லை. பவளத்தைத் தொடவோ எடுக்கவோ கூடாது என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அது பாதுகாக்கப்பட்ட உயிர். இன்னொன்று: எந்த டைவையும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே கைவிடும் உரிமை அவளுக்கும் உங்களுக்கும் உண்டு. அதை இருவரும் ஒருவருக்கொருவர் முன்கூட்டியே சொல்லிக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் கணவர். அவர் படிவத்தில் ‘இல்லை’ என்று குறித்தால் யாரும் துருவப் போவதில்லை, அவரை நம்பிக் கடலில் இறக்கிவிடுவார்கள், ஆபத்தே அதில்தான் இருக்கிறது. மேலே சொன்ன விரியும் காற்றை நினைத்துப் பாருங்கள். வீசிங் உள்ளவரின் மூச்சுக்குழல் ஆழத்தில் சுருங்கினால், அவர் மூச்சை அடக்காதபோதும் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். சிலிண்டரிலிருந்து வரும் வறண்ட காற்றும், கடலில் நீந்தும் உழைப்பும் அந்தச் சுருக்கத்தைத் தூண்டக்கூடியவை. சிறுவயதோடு நின்றுபோன வீசிங் என்றால் மருத்துவர் அனுமதிக்கவும் வாய்ப்பு உண்டு, ஆனால் ஊதிப் பார்க்கும் சோதனையைச் செய்து அவர்தான் அதைத் தீர்மானிக்க வேண்டும். அனுமதி கிடைக்கவில்லையென்றால், ஹேவ்லாக்கின் எலிஃபன்ட் கடற்கரையில் ஸ்நார்க்கல் போட்டுக்கொண்டு நீர்மட்டத்தில் மிதந்தபடியே அவர் பவளங்களைப் பார்க்க முடியுமா என்பதையும் அதே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டைவ் சென்டருக்கு எழுதி மருத்துவப் படிவத்தை இந்த வாரமே வரவழைத்து, அவரை நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். முன்பணம் கட்டுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.