பழைய பண்ணை வீட்டில் 24 பேர்: முன்பணம் கட்டுமுன்

கேள்வி: நவம்பரில் அப்பாவுக்கு 80 நிறைகிறது. சொந்தபந்தம் 24 பேரும் இரண்டு இரவு ஒரே வீட்டில் தங்க ஆசைப்படுகிறோம். கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டத்துக்குள் ஒரு பழைய பண்ணை வீடு பார்த்திருக்கிறோம். 7 அறை, 4 குளியலறை. முன்பணம் கட்டலாமா? (மதுரை வாசகர்)

பதில்: நல்ல ஆசை. பேரப்பிள்ளைகள் எல்லாம் தாத்தாவோடு ஒரே திண்ணையில் உட்கார்ந்து டீ குடிக்கும் சுகம் ஓட்டல் அறைகளில் வராது. ஆனால் அந்த வீடு ஒரு குடும்பம் புழங்கக் கட்டியது. கட்டிலைக் கூட்டிப் போட்டால் 24 பேர் படுத்துவிடலாம். தண்ணீரும் கரண்டும் கழிவுநீர்த் தொட்டியும் அப்படிக் கூடிவிடாது. பழைய மலை வீடுகளைப் பழுது பார்ப்பது என் தொழில். எந்த வீட்டுக்குப் போனாலும் கடைசியாகத்தான் படுக்கையறையைப் பார்ப்பேன்.

விசேஷ நாள் காலையை எண்ணிப் பாருங்கள். 25 லிட்டர் கீசர் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு விளாவினால் இரண்டரை வாளி தேறும். ஒருவர் தலைக்கு ஊற்றினால் தீர்ந்தது. 2 கிலோவாட் கீசர் மறுபடி சூடேற அந்தக் குளிரில் சுமார் 40 நிமிடம். குளியலறைக்கு ஆறு பேர். முதல் ஆள் 5 மணிக்குக் குளித்தால் ஆறாவது ஆளுக்கு எட்டரை ஆகிவிடும். நாலு கீசரையும் சேர்த்துப் போட்டால் 8 கிலோவாட், ஏறக்குறைய 35 ஆம்பியர். பழைய ஒயரிங்கும் சிங்கிள் ஃபேஸ் இணைப்பும் இதைத் தாங்காது. எனவே கேட்க வேண்டியது: த்ரீ ஃபேஸ் இருக்கிறதா, ஒயரிங் எப்போது மாற்றினார்கள், விறகு பாய்லர் உண்டா? பாய்லர் இருந்தால் பாதிக் கவலை விட்டது.

அடுத்து கழிவுநீர்த் தொட்டி. நவம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். மண் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும்போது, தொட்டியிலிருந்து வழியும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழி நீரை இழுக்காது. ஆள் கூடினால் இரண்டாம் நாள் காலையில் கழிப்பறையில் தண்ணீர் எதிர்த்து வரும். கடைசியாக எப்போது தொட்டியைச் சுத்தம் செய்தார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

முடிந்தால் மழை பெய்யும் ஒரு நாளில் நேரில் போய்ப் பாருங்கள். கட்டிலை நகர்த்தி, பின்னால் உள்ள சுவரில் உள்ளங்கையை வையுங்கள். கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர், ஏறிய ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். புதுப்பிக்கிறேன் என்று அதன்மேல் சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, அடிச்சுவரில் உப்புப் பூத்துப் பொரிந்து நிற்கும். மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களை அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள்.

பழைய வீடுகளில் குளியலறையைப் பெரும்பாலும் பின்னாளில்தான் சேர்த்திருப்பார்கள். நிலைப்படி தாண்டி, பின் தாழ்வாரத்தில் இரண்டு படி இறங்கினால்தான் கதவு வரும். இரவு 2 மணிக்கு உங்கள் அப்பா அந்த வழியில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். அறைக்குள்ளேயே கழிப்பறை இருக்கும் ஒன்றை அவருக்கென்று முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒன்றைக் கெஞ்சியே சொல்கிறேன். குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். கணப்பு (சுவரோடு கட்டிய குளிர்காயும் அடுப்பு) இருந்தால், புகைபோக்கியைச் சமீபத்தில் சுத்தம் செய்திருந்தால் மட்டும் பற்ற வையுங்கள்; படுக்கப்போகுமுன் அணைத்துவிடுங்கள்.

உள்ளாட்சி உரிமமும் சுற்றுலாத் துறைப் பதிவும் இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்து மண் பாதையில் டிராவலர் வேன் திரும்புமா என்று கேளுங்கள். கொட்டுகிற மழையில் கடைசி ஒரு கிலோமீட்டரைப் பெரியவர்கள் நடக்க முடியாது. அந்தப் பக்கம் காட்டுமாடு உண்டு, இருட்டிய பிறகு பிள்ளைகள் முற்றத்தைத் தாண்ட வேண்டாம். பெரிய வைத்தியத்துக்கு வத்தலக்குண்டுக்கோ திண்டுக்கல்லுக்கோ இறங்க வேண்டும் என்பதால் அப்பாவின் மாத்திரைகளை இரண்டு நாள் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை: பாய்லர் இருந்து, உரிமையாளர் தொட்டியைப் பற்றித் தெளிவாகப் பதில் சொன்னால் முன்பணம் கட்டுங்கள். இல்லையென்றால் 14 பேர் அங்கே படுத்து, மற்றவர்களுக்கு அதே மலையிலுள்ள பண்ணைக்காடு ஊரில் அறை போடுங்கள். சாப்பாடும் விசேஷமும் எல்லோருக்கும் அந்தத் திண்ணையிலேயே நடக்கட்டும்.