கோடாலித் தலை கழன்று பங்காளி காலில் பட்டது: கேஸ் ஆகுமா?

பாலக்கோடு பக்கத்து வாசகர் ஒருவர் எழுதியது. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

“ஐயா, மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். சமையலுக்கு ஒரு டிராக்டர் புளிய விறகு இறக்கி, நானும் கூலிக்கு வந்த ஒருவரும் வாசலில் பிளந்தோம். கோடாலி காலையிலேயே கொஞ்சம் ஆடியது. ஆப்பை அடித்து, தொட்டித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டுத்தான் எடுத்தேன். பதினொரு மணி வாக்கில் ஒரு கணுக்கட்டையில் ஓங்கிப் போட்டபோது தலை கழன்று பறந்து, பக்கத்து வீட்டுப் பங்காளி அண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே பட்டுவிட்டது. ‘தள்ளி உட்காருங்கண்ணா’ என்று அதற்கு முன்பே இரண்டு தடவை சொல்லியிருந்தேன். அரசு மருத்துவமனையில் நாலு தையல். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. வெளியில் வாங்கிய மருந்து, ஆட்டோ எல்லாம் 1,850 ரூபாய், நான்தான் கொடுத்தேன். பத்தாம் நாள் அவர் பழையபடி தக்காளி மார்க்கெட்டில் லோடு ஏற்றப் போய்விட்டார். ஒரு மாதம் கழித்து இப்போது, ஐம்பதாயிரம் கொடு, இல்லையென்றால் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பேன் என்கிறார். ஊர்ப் பெரியவர்கள் இருபதாயிரத்தில் முடிக்கச் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்ததே தப்பை ஒத்துக்கொண்டது மாதிரி என்று ஒருவர் பயமுறுத்துகிறார். கூலிக்கு வந்தவருக்கும் அன்று சம்மட்டி பட்டு ஆள்காட்டி விரல் நகம் பெயர்ந்தது. இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. அவருக்கும் நஷ்டஈடு தர வேண்டுமா?”

கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றிய முதல் கேள்வி, அந்தக் கோடாலி இப்போது எங்கே இருக்கிறது என்பதுதான். புதுக் காம்பு போட்டுவிட்டுப் பழையதை அடுப்பில் வைத்திருந்தால், உங்கள் பக்கத்துச் சாட்சியை நீங்களே எரித்துவிட்டீர்கள். இன்னும் இருந்தால் தலை, காம்பு, ஆப்பு மூன்றையும் ஒரு சாக்கில் சுற்றிப் பரணில் போட்டு வையுங்கள். காம்பின் நுனி உளுத்துப்போயிருந்ததா, நல்ல மரம்தான் கணுவில் சிக்கிய அதிர்ச்சியில் விட்டுக்கொடுத்ததா, ஆப்பு உண்மையிலேயே அடித்து இறக்கப்பட்டிருந்ததா என்பதெல்லாம் அந்த மூன்று துண்டுகளில்தான் இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்களுக்கு நடந்தது சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1860-ம் வருட இந்திய தண்டனைச் சட்டத்தின் 80-வது பிரிவு ‘விபத்து’ பற்றியது. அதற்குக் கொடுத்திருக்கும் ஒரே உதாரணம் கோடாலிதான். ஒருவன் கோடாலியால் வேலை செய்கிறான், தலை கழன்று பறந்து பக்கத்தில் நின்றவன் மேல் பட்டு அவன் இறந்துபோகிறான். வேலை செய்தவனிடம் கவனக்குறைவு இல்லையென்றால் அது குற்றமில்லை. சட்டக் கல்லூரியில் இதைப் படித்தபோது, இப்படியெல்லாமா நடக்கும் என்று நாங்கள் சிரித்தது உண்டு. 2024 ஜூலை 1-ல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது அந்தப் பிரிவு 18 என்று எண் மாறியது, கோடாலி மாறவில்லை. ஆள் இறந்தாலே குற்றமில்லை எனும்போது நாலு தையலுக்கு என்ன பயம் என்று நீங்கள் கேட்கலாம். ‘கவனக்குறைவு இல்லையென்றால்’ என்ற நிபந்தனையில்தான் எல்லாம் நிற்கிறது. அதைக் காட்டவேண்டிய பொறுப்பும், விபத்து என்று சொல்கிற உங்களுடையதுதான்.

இங்கேதான் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை யோசிக்க வைக்கிறது: காலையிலேயே ஆடியது, ஊறப்போட்டு எடுத்தேன். இது இரண்டு பக்கமும் வெட்டும். ஆப்பு அடித்ததும் ஊறப்போட்டதும் நீங்கள் அக்கறையோடு இருந்ததைக் காட்டுகிறது. ஆனால் ஆடுவது உங்களுக்குத் தெரியும் என்பதையும் அதே வரிதான் காட்டுகிறது. ஊறிய காம்பு உப்பித் தலையைக் கவ்வும், வெயிலில் காய்ந்தால் மறுபடி சுருங்கிவிடும். விறகு பிளக்கிற எவருக்கும் இது தெரியும். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போவதும் இதைத்தான்: “பதினொரு மணி வரை நடுவில் ஒரு தடவையாவது காம்பைத் தரையில் தட்டிப் பார்த்தீர்களா?” உங்கள் கடிதத்தில் இதற்குப் பதில் இல்லை. தட்டிப் பார்த்திருந்தால் நீங்கள் பலமாக இருக்கிறீர்கள். பார்க்கவில்லையென்றால், பார்த்ததாகச் சொல்லாதீர்கள். கூடவே வேலை செய்த கூலிக்காரர் குறுக்கு விசாரணையில் உண்மையைச் சொல்லிவிடுவார். நீங்கள் இரண்டு தடவை தள்ளி உட்காரச் சொன்னதற்கும் அவர்தான் சாட்சி.

சரி, புகார் கொடுத்தே விட்டார் என்று வைத்துக்கொள்வோம். பொருந்தக்கூடியது நியாய சன்ஹிதா 125(அ): அடுத்தவர் பாதுகாப்புக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாக நடந்து காயம் ஏற்படுத்துவது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான், ஓசூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு ஓடிப்போகிற வேலையெல்லாம் வேண்டாம். கொடுங்காயம் என்றால் மூன்று வருடம் வரை போகும். அதற்கு எலும்போ பல்லோ முறிந்திருக்க வேண்டும், முகத்தில் நிரந்தர வடு விழுந்திருக்க வேண்டும், அல்லது 15 நாள் கடும் வலியிலோ வழக்கமான வேலை செய்ய முடியாமலோ இருந்திருக்க வேண்டும். (பழைய சட்டத்தில் இது 20 நாள்.) பத்தாம் நாள் தக்காளி கிரேட் தூக்கியவருக்கு இது பொருந்தாது. அன்று அவர் லோடு ஏற்றிய மண்டியில் கூலிக் கணக்கு எழுதியிருப்பார்கள், எந்த மண்டி என்று குறித்து வையுங்கள்.

எனக்குள்ள கவலை வேறு. கோபத்தில் எழுதப்படும் புகாரில் ‘கோடாலி கழன்று பட்டது’ என்பது ‘கோடாலியால் வெட்டினார்’ என்று மாறிவிடும். அப்போது பிரிவு 118, ஆபத்தான ஆயுதத்தால் வேண்டுமென்றே காயம், மூன்று வருடம் வரை சிறை. இதற்கு மருந்து மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு, நாம் ஏ.ஆர். என்று சொல்வது. காயம் பட்ட அன்று டாக்டரிடம் அவரே சொன்னது அதில் இருக்கும். பறந்து வந்து பட்டதாக அன்று சொன்னவர், ஒரு மாதம் கழித்து வெட்டியதாகச் சொன்னால் நிற்காது. ஸ்டேஷனில் கூப்பிட்டால் போங்கள், சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் போடும் பதிவு) போட்டார்களா என்று கேளுங்கள், ஏ.ஆர். பதிவைப் பார்க்கும்படி வாய்விட்டுச் சொல்லுங்கள். வெள்ளைத்தாளில் கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தது குற்றத்தை ஒத்துக்கொண்டதாகாது. அடிபட்ட அண்ணனை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தால்தான் உங்கள் மேல் எல்லோருக்கும் சந்தேகம் வந்திருக்கும். மருந்துக் கடை பில்களைப் பத்திரப்படுத்துங்கள்.

பணம் எவ்வளவு? சிவில் கோர்ட்டுக்குப் போனால் மருத்துவச் செலவு, இழந்த கூலி, வலிக்கு ஒரு தொகை, இவ்வளவுதான் கணக்கு. செலவு நீங்கள் கொடுத்தாயிற்று. ஒன்பது நாள் கூலி, நாளுக்கு 700 என்றால் 6,300. வலிக்கும் தழும்புக்கும் சேர்த்து மேலே கொஞ்சம். தள்ளச் சொல்லியும் தள்ளாமல் உட்கார்ந்ததற்கு ஒரு பங்கைக் கழிப்பார்கள். என் மதிப்பில் பத்தாயிரம் நியாயமானது. பெரியவர்கள் சொல்லும் இருபதாயிரம் அதிகம்தான். ஆனால் அந்தப் பங்காளி முகத்தில் தினமும் விழிக்க வேண்டியவர் நீங்கள், அதனால் எங்கே நிறுத்துவது என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். மிரட்டிப் பணம் பறிக்கிறார் என்று எதிர்ப் புகார் கொடுக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு கேஸ் இரண்டு கேஸாகும், வேறொன்றும் நடக்காது.

எவ்வளவு கொடுத்தாலும் வாய்ப்பேச்சில் முடிக்காதீர்கள். 125(அ) குற்றத்துக்கு ஒரு வருடம் வரை வழக்கைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக முடியும். இன்று பத்தாயிரம் வாங்கியவர் ஆறு மாதம் கழித்துக் கால் வலிக்கிறது என்று திரும்ப வரலாம். உள்ளூர்ப் பஞ்சாயத்தைவிட, நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனு ஒன்று கொடுங்கள். கட்டணம் கிடையாது. தகவலுக்கு 15100-ல் கூப்பிடலாம். அந்தக் குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் இல்லை. ஒருவேளை அதற்குள் எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டாலும் இது சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம்தான், காயம் பட்டவர் வந்து சொல்ல வேண்டும். கொடுக்கும் தொகையோடு ஏற்கெனவே செலவழித்த 1,850-ஐயும் எழுத்தில் சேர்க்க மறக்காதீர்கள்.

அப்புறம் கூலிக்கு வந்தவர். தொழிலாளர் ஈட்டுத்தொகைக்கு 1923-ல் வந்த சட்டம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. பழையதோ புதியதோ, மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனால்தான் ஈட்டுத்தொகை. அவருக்கு இரண்டு நாள். வீட்டு விசேஷத்துக்கு விறகு பிளப்பது அந்தச் சட்டம் சொல்லும் வேலைகளில் வராது என்பதும் என் கருத்து. அதனால் சட்டப்படி அதில் கேட்க வழியில்லை. இருந்தாலும் உங்கள் வாசலில், உங்கள் சம்மட்டியில் நகம் பெயர்ந்திருக்கிறது. டி.டி. ஊசிச் செலவும் இரண்டு நாள் கூலியும் கொடுத்துவிடுங்கள். பங்காளி கேஸில் உங்களுக்கிருக்கும் ஒரே சாட்சியும் அவர்தான், ஆகவே அந்தப் பணம் எதற்கு என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சாட்சிக்குக் காசு கொடுத்ததாகப் பேசுவார்கள்.