வாங்கு மாற்றிய ரீச்சர்

கேள்வி: பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்களின் நட்புத்தான் கடைசிவரை நிலைக்கும் என்கிறார்கள். உங்களுக்கு அப்படி யாரும் உண்டா? மறக்க முடியாத ஆசிரியர் யார்?
(வாசகர், உப்புவெளி)

பதில்: எனக்கு இரண்டும் ஒரே கேள்விதான். அந்த வாங்கில் யாருக்குப் பக்கத்தில் யார் என்று தீர்மானித்தது யார்? ஆசிரியர்.

ஆறாம் வகுப்பில் எங்கள் ரீச்சர் மாதாமாதம் இடம் மாற்றுவார். மீனவர் ஊரான திருக்கடலூர்ப் பொடியனுக்குப் பக்கத்தில் கடை முதலாளியின் மகன். கணக்கில் கெட்டிக்காரனுக்குப் பக்கத்தில் கணக்கென்றால் நடுங்குகிறவன். தாய் தகப்பன்மார் சிலர் வந்து சத்தம் போட்டுப் பார்த்தார்கள். ரீச்சர் அசையவில்லை. கரைவலை இழுத்துவிட்டு ஈரத் தலையோடு வருகிறவன் ஒருவன் எனக்குப் பக்கத்தில் வந்தான். கச்சான் காற்று எப்போது திரும்பும், வாடைக் காற்றுக்கு எந்த மீன் படும் என்பதெல்லாம் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இன்றைக்கும் என் வீட்டு நல்லது கெட்டதுக்கு முதலில் வந்து நிற்பவன் அவன்தான். ரீச்சர் இருத்தியிராவிட்டால் அவனோடு நான் பேசியே இருக்க மாட்டேன்.

இப்போது அந்த வாங்கை உடைக்கிறது ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. இதை எழுதி எழுதி என் பேனா தேய்ந்துவிட்டது, இன்னும் எழுதுவேன். பத்து வயதில் ஒரு வெட்டுப்புள்ளி. மேலே நின்றவன் நகரத்துப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிறான், கீழே நின்றவன் ஊரிலேயே இருக்கிறான். அப்புறம் பின்னேரம் ரியூசன். அங்கே யார் பெயரும் யாருக்கும் தெரியாது, ஒலிவாங்கியில் பாடம் நடக்கிறது. நட்பு எங்கே முளைக்கும்?

விபுலாநந்த அடிகள் இலண்டன் பி.எஸ்சி. பட்டதாரி, மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானவர். அதற்கெல்லாம் முன்பு நம்முடைய திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தார். அவ்வளவு படித்த மனிதருக்குப் பள்ளிக்கூடம் சிறிய இடமாகத் தெரியவில்லை.

அவர் அளவுக்குப் பெயர் வராதவர்களும் இருக்கிறார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். மூதூருக்கு லாஞ்ச். மழையிலும் கடல் கொந்தளிப்பிலும் போய், அங்கேயே தங்கிப் படிப்பித்தவர்களை எனக்குத் தெரியும். நியமனக் கடிதம் கிடைத்த மறுநாளே இடமாற்றத்துக்கு ஆள் பிடித்தவர்களையும் தெரியும். முதல் வகையினரைத்தான் மாணவர்கள் கனடாவிலிருந்தும் தேடி வந்து பார்க்கிறார்கள்.

வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாயில் வளைவு கட்டியது போதும். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் தங்குவதற்கு நல்ல கிணறும் மலசலகூடமும் உள்ள ஒரு விடுதி கட்டிக் கொடுங்கள்.